வேட்பாளர் குடிக்காத தண்ணீர்

கெமிஸ்ட்ரி டீச்சர் ஒருத்தி ஓட்டுக் கேட்டு வாசலில் வந்து நின்றால் ஜனங்கள் அவளிடம் அரசியல் பேசுவதில்லை. “டீச்சரே, எங்க கிணத்துத் தண்ணி ஏன் மஞ்சளா இருக்கு?” என்றுதான் ஆரம்பிப்பார்கள். சோப்பு ஏன் நுரைக்கவில்லை, பித்தளை விளக்கு ஏன் இரண்டே நாளில் கறுக்கிறது, புது நைட்டியில் பட்ட வாழைக்கறைக்கு என்ன போடலாம். மட்டாஞ்சேரியில் நான் ஏறி இறங்கிய வீடுகளில் பாதி இப்படித்தான். கூட வரும் கட்சிக்காரர்கள் நெளிவார்கள். எனக்கோ உற்சாகம் பிய்த்துக்கொண்டு போகும். வந்த காரியத்தை மறந்துவிட்டு இரும்பையும் சுண்ணாம்பையும் பற்றிப் பேசிக்கொண்டு நிற்பேன். “டீச்சரே, இன்னும் ஒரு தெரு முழுக்க பாக்கி இருக்கு” என்று யாராவது காதோரம் வந்து சொன்ன பிறகுதான் கையில் இருக்கும் நோட்டீஸ் ஞாபகம் வரும்.

எங்கள் குடும்பம் பாலக்காட்டிலிருந்து இங்கே வந்து பல தலைமுறை ஆகிவிட்டது. கோயிலை ஒட்டிய தமிழ்த் தெருவில் வீடு. வீட்டில் பேச்சு தமிழ், கோபம் வந்தால் மலையாளம். தமிழ் எழுதப் படிக்க நானாக உட்கார்ந்து கற்றுக்கொண்டேன். என் பிள்ளைக்கு அதுவும் வராது. எறணாகுளத்தில் ஒரு கல்லூரியில் வாழ்நாளில் பாதிக்கு மேல் கெமிஸ்ட்ரி எடுத்தேன். காலையில் படகுத்துறையில் போட் பிடித்து அக்கரை போவேன், சாயங்காலம் சேலைத் தலைப்பில் ஆசிட் ஓட்டையோடு திரும்பி வருவேன். நல்ல சேலை கட்டிக்கொண்டு லேபுக்குப் போன நாள் என் சர்வீஸிலேயே கிடையாது.

என்னை அரசியலுக்கு இழுத்து வந்தது ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன். எங்கள் லேபில் அது ஓடாமல் நின்று வெகு காலம் ஆகியிருந்தது. உப்புப் பரிசோதனை நடக்கும் நாட்களில் அழுகிய முட்டை வாடை மாடி வரைக்கும் ஏறும். பிள்ளைகள் தலைவலி, வாந்தி என்று சுருண்டு உட்காருவார்கள். ஆபீஸில் சொன்னேன், கேட்டார்கள், மறந்தார்கள். மறுபடி சொன்னேன், மறுபடி மறந்தார்கள். எனக்கு மூக்கின் மேல் கோபம் என்று எல்லாருக்கும் தெரியும். ஒரு நாள் லேபைப் பூட்டிச் சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு ஆசிரியர் சங்க அறைக்குப் போய் உட்கார்ந்துவிட்டேன். ஃபேன் வந்தது. அதோடு சங்கத்தின் பொறுப்பும் என் தலையில் வந்து விழுந்தது. சங்கத்திலிருந்து கட்சிக்கு நாலு எட்டுத்தான்.

அப்புறம் இரண்டு பிழைப்பும் ஒன்றுக்குள் ஒன்று காலை நீட்டிக்கொண்டே இருந்தன. வகுப்பில் பிள்ளைகள், “டீச்சர், இன்னிக்கு ஆசிட் பக்கமா, ஆல்கலி பக்கமா?” என்று கிண்டல் செய்வார்கள். கட்சிக் கூட்டத்திலோ நான் பேசினால் கைதட்டலே வராது. ‘இருக்கலாம்’, ‘இப்போதைக்குச் சொல்ல முடியாது’, ‘இன்னொரு தடவை பார்க்க வேண்டும்’ என்று பேசுகிறவளுக்கு யார் கை தட்டுவார்கள்? முதல் தடவை வார்டு தேர்தலில் நின்றபோது ஒரு பெரியவர், “ஜெயிச்சா கால்வாயைத் தூர் வாரிடுவீங்கதானே?” என்று கேட்டார். “முயற்சி செய்வேன், உறுதியாச் சொல்ல முடியாது” என்றேன். பக்கத்தில் நின்ற எங்கள் வார்டு செயலாளர் தலையில் அடித்துக்கொண்டார். தோற்றேன். தோற்க வேண்டியதுதான்.

லேபில் நான் மன்னிக்காத தப்பு ஒன்றே ஒன்று. கொடுத்த உப்பைத் தப்பாகக் கண்டுபிடித்தால் பரவாயில்லை, திரும்பச் செய்யச் சொல்வேன். கொடுத்த சாம்பிளை விட்டுவிட்டு வேறொரு சாம்பிளைச் சோதித்து விடை எழுதினால் மட்டும் பத்ரகாளி ஆகிவிடுவேன். அடுத்த மேஜைக்காரனிடம் வாங்கி, நல்ல நிறம் வருகிறதே என்று அதை வைத்து எழுதுவார்கள். விடை சரியாகவே இருந்தாலும் அது உன் பாட்டிலுக்குரிய விடை இல்லையே என்று கத்துவேன். இதற்காக என் மேல் கடுப்பான பிள்ளைகள் ஊருக்குள் நிறைய உண்டு. அவர்களில் பலருக்கு இப்போது என் வார்டில் ஓட்டு இருக்கிறது.

ரிடையர் ஆன பிறகு கட்சி இன்னொரு தடவை நிற்கச் சொன்னது. வேண்டாம் என்றுதான் வாயைத் திறந்தேன், வெளியே வந்தது சரி என்ற வார்த்தை. வீட்டுக்காரர், “நீ சும்மா ஆத்துல இருந்தா எனக்குத்தான் கஷ்டம், போய் நில்லு” என்றார். வங்கியில் வேலை பார்த்து எனக்கு முன்னாலேயே ரிடையர் ஆனவர். பகலெல்லாம் வீட்டில் நான் எதையாவது நோண்டிக்கொண்டிருப்பது அவருக்கு ஆகாது.

இப்போது என் மூக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். லேபில் எந்த டியூபையும் மூக்குக்கு நேரே கொண்டுபோகக் கூடாது. ஒரு முழம் தள்ளிப் பிடித்து, மற்றக் கையால் மெல்ல விசிறி, வாசனையைத் தன் பக்கம் வரவழைத்து முகர வேண்டும். முதல் வகுப்பிலேயே இதைச் சொல்லிக்கொடுப்பேன். சொல்லிச் சொல்லி எனக்கே கை படிந்துவிட்டது. காப்பி, ரசம், பால், கல்யாண வீட்டுப் பாயசம், எது வந்தாலும் தள்ளிப் பிடித்து ஒரு விசிறு. “நான் என்ன உனக்கு விஷத்தையா கலந்து குடுக்கறேன்?” என்று வீட்டுக்காரர் கேட்காத வாரம் கிடையாது. எங்கள் தெருவில் எல்லாரும் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டார்கள். ஆனால் ஊர் என்பது எங்கள் தெரு மட்டும் இல்லையே.

கால்வாயை ஒட்டி எங்கள் வார்டில் ஒரு சந்து இருக்கிறது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மூட்டை தூக்கவும் கட்டட வேலைக்கும் வந்து இங்கேயே ஊன்றிப்போனவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அங்கே இருக்கிறார்கள். அந்தச் சந்தின் அயல்கூட்டத்துக்கு, அதாவது பெண்கள் சுய உதவிக் குழுவுக்கு, தலைவியாக இருந்த பெண் எங்கள் கட்சி அனுதாபி. நாற்பதை ஒட்டிய வயது, வெடுக்கென்று பேசுவாள், வேலையில் சூறாவளி. விடிவதற்குள் இடியாப்பம் பிழிந்து வேக வைத்து, சாயாக்கடைகளுக்கும் பள்ளுருத்திப் பக்கத்து ஹோட்டல் ஒன்றுக்கும் அனுப்புவாள். அதுதான் அந்தக் குடும்பத்தின் அடுப்பு. கட்டடத்தில் விழுந்து முதுகில் அடிபட்ட புருஷன் வீட்டோடு இருந்தார். படிக்கிற பெண் ஒருத்தி. வேட்பாளர் சந்துக்குள் வந்தால் முதலில் தன் வீட்டில்தான் உட்கார வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தாள். பிளாஸ்டிக் நாற்காலிகளை வரிசையாகப் போட்டு, அக்கம்பக்கத்தையெல்லாம் கூட்டி வைத்திருந்தாள்.

இங்கே வீடுகளில் குடிக்கிற தண்ணீரில் பதிமுகம் என்ற மரச்சீவலைப் போட்டுக் கொதிக்க வைப்பார்கள். தண்ணீர் ரோஸ் நிறத்தில் இருக்கும். அன்றைக்கு நல்ல உச்சி வெயில். என்னோடு வந்த கூட்டம் அவள் ஆற வைத்திருந்ததையெல்லாம் குடித்துத் தீர்த்துவிட்டது. எனக்கென்று அவசரமாகக் குழாயில் பிடித்து, ஐஸ் போட்டு, நல்ல கண்ணாடி கிளாஸில் தட்டு வைத்துக் கொண்டுவந்தாள். நான் பேசிக்கொண்டே கிளாஸைத் தள்ளிப் பிடித்தேன். கை தானாக விசிறியது.

வாடை இருந்தது. மெல்லிசாகத்தான், ஆனால் இருந்தது. அழுகிய முட்டை, அதற்கடியில் சாக்கடை. கிளாஸைத் தட்டிலேயே வைத்துவிட்டு, “இப்பதான் குடிச்சேன்மா, தாகமில்லை” என்றேன். முகமெல்லாம் வேர்வை வழிந்துகொண்டிருந்தது. அங்கேயே சொல்லியிருக்கலாமே என்று பிறகு பலர் கேட்டார்கள். வீடு நிறைய ஆட்களை வைத்துக்கொண்டு, ஆசையாகத் தண்ணீர் கொடுத்தவளிடம், உன் தண்ணீர் நாறுகிறது என்று எப்படிச் சொல்வது? அதுவும் ஒரு முகர்தலை மட்டும் நம்பி? தனியாக வந்து சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அவள் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள், திரும்ப வெளியே வரவில்லை.

பிரசாரத்தை வீடியோ எடுக்கக் கட்சியே ஆள் போட்டிருந்தது. எங்கள் ஆள் எடுத்து, எங்கள் ஆட்களே பாட்டுச் சேர்த்து வாட்ஸ்அப்பில் விட்டார்கள், ‘மக்களோடு நம் டீச்சர்’ என்று. எதிர்க்கட்சிக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? நான் கிளாஸைத் தள்ளிப் பிடிப்பது, விசிறுவது, குடிக்காமல் வைப்பது, இவ்வளவையும் மட்டும் வெட்டி எடுத்துச் சுற்றவிட்டார்கள். ‘அம்மியாருக்கு நம்ம வெள்ளம் ஆகாதாம்’ என்று கீழே ஒரு வரி. தமிழ்ப் பிராமணப் பெண்களை இங்கே அம்மியார் என்பார்கள், தண்ணீரை வெள்ளம் என்பார்கள். தீட்டுப் பார்க்கிறாள் என்றார்கள். ஓட்டு மட்டும் வேண்டும், தண்ணீர் வேண்டாமா என்றார்கள். அதைப் பார்த்தபோது எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அழுகை ஒரு பக்கம், யாரையாவது பிடித்து நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்ற ஆத்திரம் ஒரு பக்கம். சந்துக்குப் போகிறேன் என்று கிளம்பியவளை, இப்போது போனால் கல்லெறிவார்கள் என்று செயலாளர் தடுத்துவிட்டார்.

நான் போகவில்லை, அவள் வந்தாள். கேட்டைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றாள். உள்ளே வா என்றதற்கு வரவில்லை.

“டீச்சரே, எனக்கு இந்த ஜாதி வர்த்தமானம் ஒண்ணும் வேண்டா. நீங்க மணத்துப் பாத்ததும் குடிக்காததும் உங்க காரியம். பக்ஷே சாயாக்கடைக்காரன் நேத்து ஆள் விட்டுச் சொல்றான், இனி இடியாப்பம் வேண்டான்னு. இன்னிக்கு ஹோட்டல்காரனும் சொல்லியாச்சு. வீடியோவில என் வீடும் என் மூஞ்சியும் தெளிவாத் தெரியுதே. கெமிஸ்ட்ரி படிச்ச டீச்சரே வாய் வைக்காத வெள்ளத்துல செஞ்ச பலகாரம் யாருக்கு வேணும்னு கேக்கறான். ஒரு வாய் குடிச்சிருந்தா என்ன கெட்டுப்போயிருக்கும் உங்களுக்கு?”

“நீ மாவு பிசையறது கொதிக்கற தண்ணியிலதானே?”

“பின்னே? திளைச்ச வெள்ளம் விட்டாதான் மாவு பதம் வரும். அப்புறம் ஆவியில வேகுது. என் இடியாப்பம் தின்னு வயிறு வலிச்சதுன்னு ஒருத்தர் சொல்லட்டும், நான் இந்தத் தொழிலையே விட்டுடறேன்.”

அவள் சொன்னதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. கொதிநீரில் பிசைந்து ஆவியில் வெந்த பண்டத்தில் எந்தக் கிருமி உயிரோடு இருக்கும்? ஆனால் குழாய்த் தண்ணீர் வேறு விஷயம். அதைச் சொன்னேன். வாடை வந்தது, அதனால்தான் குடிக்கவில்லை, பிள்ளைகள் பச்சைத் தண்ணீர் குடிக்கிறார்களா என்று கேட்டேன்.

“திளைப்பிச்சுத்தான் வைக்கிறோம். தீர்ந்துட்டா? பள்ளிக்கூடம் விட்டு ஓடி வர்ற பிள்ளை ஆறட்டும்னு நிக்குமா? குழாயத் தொறந்து வாய வைக்கும்.” கேட்டிலிருந்து கையை எடுத்தாள். “போன மாசம் சந்துல நாலு பிள்ளைக்கு வயித்தால போச்சு. ஐஸ் மிட்டாய் தின்னதுன்னு நெனச்சோம்.”

கல்லூரியில் என்னோடு வேலை பார்த்த தோழியிடம் சின்னச் சின்ன பாட்டில்கள் வாங்கி வந்தேன். அடியில் மருந்து தோய்த்த காகிதம் இருக்கும். தண்ணீரை ஊற்றி மூடி வைத்தால், சாக்கடை கலந்திருந்தால் ஓரிரு நாளில் கறுத்துவிடும். அவள் வீடு, அவளுக்கு அடுத்த வீடுகள், சந்தின் கடைசி வீடு, பிறகு எங்கள் தெரு என்று வரிசையாக எடுத்தேன். சந்துத் தண்ணீர் ஊற்றிய பாட்டில்கள் அத்தனையும் மை மாதிரி கறுத்தன. எங்கள் தெருத் தண்ணீர் அப்படியே தெளிவாக இருந்தது. சந்துக்குப் போகிற குழாய் மட்டும் சாக்கடைக்குள்ளேயே இறங்கி ஏறுகிறது. எங்கள் தெருவுக்கு வருவது மேலோடு வருகிறது. எவ்வளவு காலமாக அப்படி என்று யாருக்கும் தெரியவில்லை. குழாயைப் பார்த்துக்கொள்ள வேண்டிய இடத்தில் உட்கார்ந்திருந்ததோ எங்கள் கட்சி ஆட்கள்.

செயலாளர் கட்சி ஆபீஸில் ஒரு கூட்டம் போட்டார். மலையாளிதான், ஆனால் மட்டாஞ்சேரியில் பிறந்தவர், தமிழர்களிடம் தமிழில் பேசுவதில் அவருக்குப் பெருமை. அந்தப் பெண்ணையும் வரவழைத்திருந்தார்.

“டீச்சரே, காரியம் ஸிம்பிள். பத்திரிகைக்காரன்மாரைக் கூட்டலாம். இவங்க வீட்டு வாசல்ல, எல்லார் முன்னாலயும், ஒரு கிளாஸ் வெள்ளம் நீங்க குடிக்கணும். தீர்ந்தது.”

“சாக்கடை கலந்திருக்கு சார்.”

“தேர்தல் கழியட்டும், குழாயை நான் சரியாக்கித் தரேன்.”

அப்போது அவள் பேசினாள். “பச்சை வெள்ளம் குடிக்க வேண்டா டீச்சரே. பதிமுகம் போட்டு நல்லாத் திளைப்பிச்சு ஆத்தி வைக்கிறேன். உங்களுக்கு ஒண்ணும் ஆகாது. டீச்சர் என் வீட்டு வெள்ளம் குடிச்சாங்கன்னு நாலு பேர் கண்டா மதி, அது போதும். என் ஓர்டர் திரும்பி வந்திரும்.”

எல்லார் முகமும் மலர்ந்துவிட்டது. ஒருத்தருக்கும் நஷ்டமில்லாத வழி, பொய்யும் இல்லை. அவள் வீட்டுத் தண்ணீர்தான், அவள் வீட்டில்தான், நான்தான் குடிக்கிறேன். யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன்.

யோசிக்க என்ன இருந்தது? ஊர் கேட்பது குழாய்த் தண்ணீரைப் பற்றி. நான் காட்டப்போவது கொதித்த தண்ணீரை. என் லேபில் ஒரு பிள்ளை இதைச் செய்திருந்தால் வெளியே அனுப்பியிருப்பேன். வீட்டுக்காரரிடம் சொன்னபோது அவர் என் பக்கம் நிற்பார் என்று நினைத்தேன்.

“உன் கொள்கைக்கு அவ ஏண்டி பட்டினி கிடக்கணும்?” என்றார்.

“நான் குடிச்சுட்டா அந்தச் சந்துல எல்லாரும் குழாயைத் தொறந்து குடிப்பா. டீச்சரே குடிச்சாளே, நமக்கென்னன்னு. குழாயை அப்புறம் எவன் மாத்துவான்?”

“அதுவும் சரிதான்” என்றார். கொஞ்சம் கழித்து, “ஆனா அவ சொல்றதும் சரிதான்” என்றார். இந்த மனுஷர் வாழ்க்கை முழுக்க இப்படியே ஓட்டிவிட்டார். எனக்குக் கோபம் கோபமாக வந்தது, அவரிடம் கிடைத்தது அவ்வளவுதான்.

செயலாளரிடம் வருகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு, அவர் குறித்த நாள் காலையில் முன்னதாகவே சந்துக்குப் போனேன். அவள் வாசலில் கோலம் போட்டு, மேஜை விரிப்புப் போட்டு, ரோஸ் நிறத் தண்ணீரைக் கண்ணாடி ஜக்கில் ஊற்றி வைத்திருந்தாள். அவளை உள்ளே கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். குழாய்த் தண்ணீர் கெட்டது என்று சொல்லப் போகிறேன், மறைக்க மாட்டேன் என்று.

“அப்போ என் காரியம்?”

“உன் இடியாப்பத்துல ஒரு குறையும் இல்லைன்னு மைக்கிலேயே சொல்றேன். ஏன் இல்லைன்னும் விளக்கமாச் சொல்றேன்.”

“சொன்னா கேப்பாங்களா?”

“கேப்பா, ஏன் கேக்க மாட்டா?” என்றேன். வாழ்நாளெல்லாம் நான் சொல்வதை முழுசாகக் கேட்டு எழுதிக்கொள்கிறவர்கள் முன்னால் நின்று பேசியவள். பெல் அடிக்கும்வரை ஒருவரும் எழுந்து போக முடியாது. அந்தத் தைரியத்தில் சொன்னேன்.

காமெராக்கள் வந்தன, கூட்டம் வந்தது. நான் கறுத்த பாட்டில்களை மேஜையில் வரிசையாக வைத்தேன். செயலாளருக்குப் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. சந்துக் குழாயில் வரும் தண்ணீரைக் கொதிக்க வைக்காமல் யாரும் வாயில் வைக்கக் கூடாது என்றேன். குழாயை மாற்ற வேண்டியவர்கள் என் கட்சிக்காரர்கள், அவர்கள் மாற்றாவிட்டால் அவர்கள் ஆபீஸ் வாசலில் நானே போய் உட்காருவேன் என்றேன். அவ்வளவுதான், சந்து வெடித்துவிட்டது. போன மாதம் பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு வந்த தாய்மார்கள் கத்த ஆரம்பித்தார்கள். யாரோ குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்து காமெராவுக்குக் காட்டினார்கள். அந்தச் சத்தத்துக்கு நடுவே நான் இடியாப்பத்தைப் பற்றிப் பேசினேன். கொதிநீர், ஆவி, எத்தனை சூட்டில் எது சாகும், எல்லாம் சொன்னேன். ஜக்கிலிருந்து ரோஸ் தண்ணீரை ஊற்றி, இது கொதித்தது, அதனால் குடிக்கிறேன் என்று சொல்லிக் குடித்தும் காட்டினேன். காமெராக்களெல்லாம் குடத்தின் பக்கம் திரும்பியிருந்தன.

வெளியே போனது முதல் பாதி மட்டும்தான். ‘சாக்கடை கலந்த சந்து’ என்று அன்றைக்கே எல்லா போனிலும் ஓடியது. என் தலைக்குப் பின்னால் அவள் வீட்டு வாசல், கோலம், கதவோரம் அவள். கட்சியில் முதலில் என்னைக் கிழித்தார்கள். சந்து மட்டும் அல்ல, பக்கத்துத் தெருக்களும் எங்கள் குழாயையும் பாருங்கள் என்று டீச்சரைத் தேடி வர ஆரம்பித்ததும், அதே ஆட்கள் ‘உண்மை பேசும் வேட்பாளர்’ என்று போஸ்டர் அடித்தார்கள். தண்ணீர் லாரி வந்தது. சாக்கடைக்குள் தோண்டினார்கள், இணைப்பு விட்டுப்போய் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. புதுக் குழாயை மேலோடு கொண்டுபோனார்கள். மறுபடி பாட்டில் வைத்துப் பார்த்தேன், கறுக்கவில்லை. பிள்ளைகளுக்கும் அப்புறம் ஒன்றும் வரவில்லை. நான் ஜெயித்தேன், அதுவும் சாதாரணமாக இல்லை. தோளில் மாலையோடு வீட்டுக்கு வந்தபோது வீட்டுக்காரர், “கெமிஸ்ட்ரி ஜெயிச்சுடுத்தே” என்றார். சந்தோஷமாகத்தான் இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய்.

அவளுடைய ஓர்டர் மட்டும் திரும்பவில்லை. நானே சாயாக்கடைக்குப் போய்க் கேட்டேன். கடைக்காரர் மரியாதையாக எழுந்து நின்றார். “டீச்சர் சொல்றது எல்லாம் சரி. குழாய் மாத்தியதும் எனக்கு அறியும். எனக்கு அவங்க இடியாப்பம்தான் இஷ்டம். பக்ஷே தின்ன வர்றவன் எந்த வீட்டுதுன்னு கேக்கறானே, சொன்னா முகம் சுளிக்கிறானே. கொஞ்சம் கழியட்டும் டீச்சர்.” அவர் கண்ணாடி அலமாரியில் மெஷினில் பிழிந்த இடியாப்பம் பாக்கெட்டில் அடுக்கியிருந்தது. ஹோட்டல்காரரும் அதையேதான் சொன்னார். அவள் புருஷனின் மருந்துச் செலவுக்காக இடப்பள்ளியில் ஒரு மாலில் தரை துடைக்கப் போக ஆரம்பித்திருந்தாள். விடிகாலையில் இடியாப்பம் வெந்த வேளையில் இப்போது பஸ்ஸுக்கு நின்றாள்.

பதவி ஏற்ற அன்றைக்கு வார்டில் ஒரு தேநீர் விருந்து வைத்தார்கள். பலகாரம் நான் சொல்கிற இடத்தில்தான் என்று பிடிவாதம் பிடித்தேன். அவளிடம் போய், பெரிய ஓர்டர், இடியாப்பமும் கடலைக் கறியும் என்று சொன்னேன். எத்தனை பேருக்கு என்று கேட்டாள். சரி என்றாள். மாலில் லீவு சொல்லிவிட்டுச் செய்தாள். மூடி திறந்தால் ஹால் முழுக்கத் தேங்காய்ப்பூ வாசம். நூல் நூலாக, பஞ்சு மாதிரி, இரண்டு பெரிய பாத்திரம் நிறைய.

கட்சிக்காரர்கள் வந்தார்கள், கை குலுக்கினார்கள், போட்டோ எடுத்துக்கொண்டார்கள். சாயா குடித்தார்கள். வாழைப்பழம் போயிற்று, பழம்பொரி போயிற்று, பிஸ்கட் பாக்கெட் காலி. இடியாப்பத்தின் பக்கம் போனவர்கள், “எந்த வீட்டுது?” என்று மெல்லக் கேட்டுவிட்டு, சுகர் என்றும் டயட் என்றும் சொல்லி நகர்ந்தார்கள். ‘உண்மை பேசும் வேட்பாளர்’ என்று போஸ்டர் அடித்தவர்களும் நகர்ந்தார்கள். செயலாளர் மட்டும் ஒன்றை எடுத்து, தட்டில் வைத்து, ஒரு துண்டு பிட்டுவிட்டு அப்படியே வைத்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் மைக்கைப் பிடித்து மறுபடி ஒரு வகுப்பு எடுத்துவிடலாமா என்று இருந்தது. எடுத்து என்ன ஆகப்போகிறது? அவர்களுக்கு எல்லாம் தெரியும்.

ஹால் காலியான பிறகு பாத்திரத்தை எடுத்துப்போக அவள் வந்தாள். வருவதைப் பார்த்ததும் நான் அவசரமாக ஒரு தட்டில் இடியாப்பத்தை அடுக்கிக்கொண்டு உட்கார்ந்தேன். அவள் மூடியைத் திறந்து பார்த்தாள். எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். நான் சாப்பிட்டேன். கறி தொட்டும் சாப்பிட்டேன், வெறுமனேயும் சாப்பிட்டேன். நன்றாக இருக்கிறது என்றேன். உண்மையாகவே நன்றாக இருந்தது. இன்னொரு தடவை தட்டை நிரப்பினேன். அடுத்ததைப் பிட்டேன். நிறுத்தினால் அவள் முகத்தைப் பார்க்க வேண்டும்.

அவள் கையை நீட்டி என் தட்டைப் பிடித்தாள்.

“மதி டீச்சரே,” என்றாள். குரலில் கோபம் இல்லை. “உங்க ஒரு வயிறு போதாது.”